பக்கவாதத்துக்குப் பின் அணியும் கை உதவிக் கருவி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கருவி சரியாக வேலை செய்யவில்லை என்றதும் பலரும் ஆப்பைத் திறந்து சென்சாரின் உணர்திறனையோ மின்தூண்டலின் அளவையோ ஒரு படி ஏற்றுகிறார்கள். கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது. இந்த வகைக் கருவிகளில் கோளாறு அதிகம் பிறக்கும் இடம் தோலும் கருவியும் சேரும் இடம்தான். எலெக்ட்ரோடு நகர்ந்திருக்கும், ஜெல் காய்ந்திருக்கும், பட்டை தளர்ந்திருக்கும், அல்லது அன்றைக்குத் தசையே வழக்கத்தைவிட இறுகியிருக்கும். அளவை ஏற்றினால் அந்த நேரத்துக்குக் கருவி அசையும். காரணம் உள்ளேயே இருந்து இரண்டு நாள் கழித்துத் தோல் புண்ணாகவோ தோள் வலியாகவோ வெளியே வரும்.

எனவே எந்த அறிகுறிக்கும் இந்த வரிசையில் பாருங்கள்: அணிபவர், அவருடைய கை, கருவி உட்கார்ந்திருக்கும் விதம், கருவி, கடைசியாக அமைப்புகள்.

இங்கே நான்கு வகைக் கருவிகள் பேசப்படுகின்றன. தசையில் எழும் மின்சைகையைத் தோலின் மேலிருந்து படித்து மோட்டாரால் முழங்கையையும் விரல்களையும் அசைப்பது இஎம்ஜி வகை. தோல் வழியாகச் சிறு மின்துடிப்பு அனுப்பித் தசையையே சுருங்க வைப்பது மின்தூண்டல் வகை. காற்றாலோ மெல்லிய கம்பியாலோ விரல்களை மடக்கி விரிப்பது ரோபோ கையுறை. மின்சாரமே இல்லாமல் ஸ்பிரிங்கோ எலாஸ்டிக்கோ விரல்களை விரித்துத் தருவது நான்காவது.

கை திடீரென்று நேற்றைவிட மோசம்

கருவியைக் கழற்றிவிட்டு ஆளைப் பாருங்கள். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று புதிதாகக் கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, பார்வையோ நடையின் நிதானமோ சட்டென்று மாறியதா? இவற்றில் ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். கடைசியாக எப்போது இயல்பாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் தரப்படுவது. கருவியை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதில் அந்த நேரம் போகக் கூடாது.

சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் கூடியிருந்தால் அது வேறு கதை. பக்கவாதத்துக்குப் பின் வரும் தசை இறுக்கம் உடலின் மற்றத் தொந்தரவுகளுக்கெல்லாம் எதிரொலிக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், காய்ச்சல், கால் நகம் சதைக்குள் வளர்வது, தூக்கமின்மை, குளிர் என எது வந்தாலும் விரல்கள் முன்பைவிட இறுக மூடிக்கொள்ளும். கருவியில் எதையும் மாற்றாமல் அதைச் சரிசெய்தாலே கை பழைய நிலைக்கு வருவதுண்டு. புதிதாகத் தொடங்கிய மாத்திரை, நிறுத்திய மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முஷ்டி திறக்கவில்லை, கருவியை மாட்டவே முடியவில்லை

விரல் நுனிகளைப் பிடித்து இழுக்க வேண்டாம். தசை இறுக்கம் வேகத்துக்கு ஏற்பக் கூடும். வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் பலமாக எதிர்க்கும்.

அணிபவரை உட்கார வைத்து, முன்கையை மேசையின் மேலோ தலையணையின் மேலோ முழுதாகத் தாங்கி வையுங்கள். மணிக்கட்டை மெதுவாக உள்ளங்கைப் பக்கம் மடக்குங்கள். விரல்களை மூடும் நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் போகின்றன. மணிக்கட்டு மடங்கியதும் அவை தளரும், விரல்கள் தாமாகவே கொஞ்சம் அவிழும். அடுத்து, கட்டைவிரலை அதன் அடிச்சதையில் பிடித்து வெளியே கொண்டு வாருங்கள். கட்டைவிரல் வெளியே வந்தால் மற்ற நான்கும் பெரும்பாலும் வழிவிடும். விரல்களை விரித்த நிலையிலேயே வைத்துக்கொண்டு மணிக்கட்டை நேர்நிலைக்குக் கொண்டு வாருங்கள்; அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை அசையாமல் பிடியுங்கள். உங்கள் கைக்கு அடியில் இறுக்கம் ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுப்பது தெரியும். மாட்டுவது அந்தக் கணத்தில்.

கையுறை என்றால் முதலில் கட்டைவிரல், பிறகு சுண்டுவிரலிலிருந்து வரிசையாக. ஒவ்வொரு விரலும் அதனதன் உறையின் முனை வரை போயிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உணர்வு குறைந்த கையில் ஒரு விரல் உள்ளேயே மடங்கிக் கிடந்தாலும் அணிபவருக்குத் தெரியாது. அந்த நிலையில் கருவியை இயக்கினால் மூட்டு காயப்படும்.

இப்படிச் செய்தும் பத்து நிமிடத்தில் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடலாம். பல நாட்கள் இதே நிலை தொடர்ந்தால் தெரபிஸ்டிடம் இறுக்கத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தசை இறுக்கத்தை 0 முதல் 4 வரை மதிப்பிடும் ஆஷ்வர்த் அளவுகோலில் 3 அல்லது 4 என்றால் பெரும்பாலான மென்கையுறைகளுக்கு அந்த விரல்களை விரிக்கும் பலம் கிடையாது. அப்போது தேவைப்படுவது தசை இறுக்கத்துக்கான சிகிச்சை.

இஎம்ஜி கருவி: முயன்றாலும் மோட்டார் அசையவில்லை

தோலின் மேல் கிடைக்கும் இஎம்ஜி சைகை நலமான தசையிலேயே சில மில்லிவோல்ட்தான். பலவீனமான தசையில் அது மைக்ரோவோல்ட் கணக்குக்கு இறங்கிவிடும். எண்ணெய், லோஷன், காய்ந்த தோல், முடி எல்லாம் அந்தச் சின்னச் சைகைக்குப் பெரிய தடை.

முதலில் கோளாறை இரண்டாகப் பிரியுங்கள்: சென்சார் பக்கமா, கை பக்கமா? சென்சார் பட்டையைத் திறக்க முடிகிற கருவியில், அணிபவரின் நல்ல கையின் தசை மேல் அதே சென்சாரை ஒட்டிப் பிடித்து, அந்தக் கையை இறுக்கச் சொல்லுங்கள். மோட்டார் பகுதி எந்தக் கையிலும் இல்லாமல் மேசையில் தனியாக இருக்கட்டும். மோட்டார் அசைந்தால் சென்சார், வயர், மோட்டார் எல்லாம் சரி. அசையவில்லை என்றால் வயர் இணைப்பு, பேட்டரி, இயக்கநிலை ஆகியவற்றைப் பாருங்கள். கருவி ஸ்டாண்ட்பையில் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது மிகவும் சகஜம்.

கருவி சரி என்று தெரிந்தால் தோலுக்கு வாருங்கள். சென்சார் படும் இடத்தைச் சோப்பில்லாத ஈரத்துணியால் துடையுங்கள். கிருமிநாசினி ஸ்பிரிட் வேண்டாம், அது தோலை இன்னும் காய வைக்கும். உலோகப் பொத்தான் போன்ற உலர் எலெக்ட்ரோடு என்றால் தோலையும் பொத்தானையும் லேசாக ஈரப்படுத்திவிட்டு மாட்டுங்கள். மாட்டிய முதல் சில நிமிடங்கள் சைகை மோசமாகவே இருக்கும். அடியில் கொஞ்சம் வியர்வை சேர்ந்ததும் தேறும். மாட்டியவுடன் கேலிபிரேஷன் (அணிபவரின் சைகைக்கு ஏற்பக் கருவியை அளவுபடுத்துவது) செய்தால் அந்த மோசமான நிலையே அளவாகப் பதிந்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்துச் செய்யுங்கள்.

அடுத்தது இடம். பைசெப்ஸ் (முழங்கையை மடக்கும் தசை) சென்சார் முழங்கை மடிப்புக்கும் தோள் முனைக்கும் இடைப்பட்ட கோட்டில், மடிப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே உட்கார வேண்டும். ட்ரைசெப்ஸுக்கு (முழங்கையை நீட்டும் தசை) மேற்கையின் பின்புறம், தோள் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் பாதி வழியில், நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை பக்கவாட்டில். முன்கைக்கு நல்ல கையைப் பார்த்து அறியலாம்: மணிக்கட்டைத் தூக்கச் சொன்னால் முன்கையின் மேல்புறத்தில் எந்த மேடு எழுகிறதோ, அதற்கு நேரான இடம்தான் இந்தக் கையிலும். சட்டைக் கை சுருண்டு ஒரு விளிம்பு சென்சாருக்கு அடியில் போயிருந்தாலும் தொடர்பு விட்டுப்போகும்.

இவ்வளவும் சரியாக இருந்து, முன்பு நன்றாக வேலை செய்த கை இப்போது சைகையே தரவில்லை என்றால், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி அண்மையில் போட்டார்களா என்று பாருங்கள். அதன் விளைவு சில நாட்களில் தொடங்கி, நாலிலிருந்து ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போய், ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். ஊசி விழுந்த தசையின் சைகை அந்தக் காலத்தில் குறைவாகவே இருக்கும். இங்கே த்ரெஷோல்டை, அதாவது மோட்டார் அசையத் தேவையான குறைந்தபட்சச் சைகை அளவை, இறக்குவது நியாயம்தான். ஆனால் தெரபிஸ்ட் பார்த்து இறக்க வேண்டும், மருந்து தணியும்போது மறுபடி ஏற்றவும் வேண்டும்.

களைப்பையும் கணக்கில் வையுங்கள். காலையில் வேலை செய்து மாலையில் நின்றுபோனால் தசை தளர்ந்திருக்கிறது. பதினைந்து நிமிடப் பயிற்சியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இஎம்ஜி கருவி: தானாக ஓடுகிறது, அல்லது நீட்ட நினைத்தால் மடங்குகிறது

ஆப்பில் சைகைக் கோட்டைத் திறந்து, கையைத் தலையணையில் தாங்கி, ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். கோடு மெல்ல மெல்ல இறங்கினால் தசை தளரத் தாமதிக்கிறது. இறங்காமல் ஒரே உயரத்தில் தடிமனாக நின்றால் எலெக்ட்ரோடு தொடர்பு கெட்டிருக்கிறது, அல்லது பக்கத்து மின்சாதனத்திலிருந்து இரைச்சல் ஏறுகிறது. சார்ஜர், மின்சாரப் போர்வை, மோட்டார் வைத்த கட்டில் ஆகியவற்றின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கோடு சட்டென்று விழுந்தால் குற்றவாளி அகப்பட்டது.

கொட்டாவி விடும்போதும் இருமும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் மட்டும் கை மடங்கினால் அது கோளாறே இல்லை. பக்கவாதம் வந்த கை கொட்டாவியில் தானாக மேலெழுவது மருத்துவத்தில் நன்கு பதிவான ஒன்று. கருவி அந்தச் சைகையையும் உண்மை என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டுகிறது. எழுவதற்கும் நடப்பதற்கும் முன் ஸ்டாண்ட்பையில் போடும் பழக்கம் ஒன்றே போதும்.

நீட்ட முயன்றால் மடங்குவதுதான் உண்மையிலேயே சிக்கலானது. பக்கவாதத்துக்குப் பின் பைசெப்ஸும் ட்ரைசெப்ஸும் ஒரே நேரத்தில் இறுகும். அணிபவர் எவ்வளவு பலமாக முயல்கிறாரோ அவ்வளவு பலமாக மடக்கும் தசை முந்திக்கொள்ளும். “இன்னும் பலமா! இன்னும் பலமா!” என்று பக்கத்தில் நிற்பவர்கள் உற்சாகப்படுத்துவது இந்த இடத்தில் கெடுதல்தான் செய்கிறது. மூச்சை அடக்காமல், பாதி பலத்தில், மெதுவாக நீட்டச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே நீட்டச் சொன்னால் பலருக்கு ஆப்பில் இரண்டு தசைகளின் சைகைக் கோடுகளும் பிரியத் தொடங்கும். அப்படியும் பிரியவில்லை என்றால் ஒரே தசையை மட்டும் படிக்கும் இயக்கநிலைக்குத் தெரபிஸ்ட் மாற்றித் தரலாம்: பைசெப்ஸை இறுக்கினால் மடங்கும், தளர்த்தினால் தானாக நீளும்.

பிடித்த பொருளை விடமாட்டேன் என்கிறது

கருவி நின்றுபோன நிலையில் அதைக் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். இதை முதல் நாளே பழகுங்கள். அணைக்கும் பொத்தான் எங்கே, பிடியை அவிழ்க்கும் நெம்புகோல் உண்டா, எந்த வெல்க்ரோ பட்டையை முதலில் இழுத்தால் விரல்கள் விடுபடும்? அணிபவர் தனியாக இருக்கும்போதும் நல்ல கை ஒன்றாலேயே இதைச் செய்ய முடிய வேண்டும். பட்டைகளின் நுனி கைக்கு எட்டவில்லை என்றால் ஒரு துணி வளையம் தைத்துக்கொள்ளுங்கள். இது பழகும் வரை சூடான கோப்பை, கத்தி, கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம்.

பிடி விடாததற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, மூடும் தசை இன்னும் இறுகியிருப்பதால் கருவிக்குத் தொடர்ந்து மூடும் கட்டளை போகிறது. மணிக்கட்டைத் தாங்கி, முழங்கையை மேசையில் வைத்தால் தளரும். மற்றொன்று, மோட்டார் எதிர்ப்பை மீற முடியாமல் பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொண்டது. அணைத்து, பொருளை எடுத்துவிட்டு, மறுபடி இயக்குங்கள்.

மின்தூண்டல்: சுருக்கென்று குத்துகிறது

உடனே அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, தோலில் ஒட்டியிருக்கும் எலெக்ட்ரோடு பேடைத் தூக்கிப் பாருங்கள். ஓரம் பிரிந்திருக்கும், அல்லது நடுவில் காய்ந்திருக்கும். 5 சென்டிமீட்டர் சதுரப் பேட் ஒன்றின் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். பாதி பிரிந்தால் அதே மின்னோட்டம் பாதிப் பரப்பின் வழியாகப் போகிறது; தோலின் ஒவ்வொரு புள்ளியிலும் அடர்த்தி இரண்டு மடங்கு. குத்தலுக்கும் சுட்ட தழும்புக்கும் காரணம் இதுதான்.

ஒட்டும் ஜெல் பேடில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவிப் பாருங்கள். மறுபடி ஒட்டவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். டேப் போட்டு ஒட்டுவது சரியில்லை, ஓரங்கள் எப்படியும் மேலெழும். நனைத்து மாட்டும் துணி பேட் என்றால் சொட்டாத அளவுக்கு நனைத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி நனையுங்கள். முடியைக் கத்தரியால் வெட்டுங்கள். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அன்றைக்குத் தூண்டல் எரியும்.

உணர்வு குறைந்த கையில் இந்தக் குத்தல் தெரியவே தெரியாது. அதனால் அணிபவர் புகார் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பேட் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும். முழுச் சதுரமாக இளஞ்சிவப்பு இருந்து சில நிமிடங்களில் மறைந்தால் இயல்பு. ஒரு மூலையில் மட்டும் புள்ளியாகச் சிவந்திருந்தால் அங்கேதான் தொடர்பு கெட்டது.

பேஸ்மேக்கர் போன்ற பொருத்திய மின்கருவி, வலிப்பு நோய், கர்ப்பம், கையில் ரத்தக்கட்டி, அந்த இடத்தில் புற்றுநோய் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் அனுமதி இல்லாமல் மின்தூண்டல் கூடாது. இடையில் இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் இதே விதி.

மின்தூண்டல்: தவறான அசைவு

விரல் விரிப்பதற்கான வழக்கமான தொடக்க இடம்: ஒரு பேட் முன்கையின் மேல்புறம், முழங்கையின் வெளி மேட்டிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, மற்றது அதே பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று நான்கு விரற்கடை மேலே. இதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக நகர்த்திப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் அளவைப் பூஜ்யமாக்கிய பிறகு.

மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து எழுந்தால் மேல் பேடைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளுங்கள். மணிக்கட்டு தூக்குகிறது, விரல்கள் மட்டும் மூடியே இருக்கின்றன என்றால் மேல் பேடை முன்கையின் நடுப்பகுதி நோக்கி இறக்குங்கள். விரல் விரிக்கும் தசையின் சதை அங்கேதான். கட்டைவிரல் மட்டும் வரவில்லை என்றால் கீழ்ப் பேடைக் கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். விரிவதற்குப் பதில் விரல்கள் மூடினால் பேட் முன்கையின் உள்புறத்துக்குச் சரிந்துவிட்டது, அல்லது உறையே சுழன்றுவிட்டது.

சரியான இடம் கிடைத்ததும் தோல் பேனாவால் நான்கு மூலைகளையும் குறித்து, உள்ளங்கை கீழ்நோக்கிய நிலையில் படம் எடுத்து வையுங்கள். முன்கையைத் திருப்பினால் தோல் தசையின் மேல் வழுக்கி நகரும். உள்ளங்கை மேல்நோக்கி இருந்தபோது ஒட்டிய பேட், கீழ்நோக்கித் திருப்பியதும் வேறு தசையின் மேல் நிற்கும். எனவே பயன்படுத்தப் போகும் நிலையிலேயே ஒட்டுங்கள்.

முதல் சில நிமிடம் நன்றாக விரித்து, பிறகு பலவீனமானால் தசை களைத்துவிட்டது. மின்தூண்டலில் ஒரே நார்களைத் துடிப்புக்குத் துடிப்பு சேர்த்து இயக்குவதால் இயல்பான அசைவைவிடச் சீக்கிரம் தளரும். ஓய்வை நீட்டுங்கள்: 5 வினாடி தூண்டல், 15 வினாடி ஓய்வு என்று தொடங்கி வாரக்கணக்கில் ஓய்வைக் குறைக்கலாம். கை அசைவுக்கு 20 முதல் 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை துடிப்பு) வரை பயன்படுகிறது. 50இல் இருந்தால் 35 அளவுக்கு இறக்கித் தரச் சொல்லித் தெரபிஸ்டிடம் கேட்கலாம். முதல் வாரத்தில் ஒரு வேளைக்கு 10 நிமிடம் போதும்.

காற்றுக் கையுறை: ஒரு விரல் மட்டும் அசையவில்லை

இது எளிதாகக் கண்டுபிடிக்கக் கூடியது. கையுறையைக் கழற்றி மேசையில் விரித்து வைத்து இயக்குங்கள். கையில்லாமல் ஐந்து விரலும் அசைந்தால் கையுறை நலம். அந்த விரலின் இறுக்கமோ விரல் உள்ளே மடங்கிக் கிடப்பதோதான் காரணம்.

மேசையிலும் அசையவில்லை என்றால், அசையாத விரலின் குழாயையும் அசையும் விரலின் குழாயையும் பம்புப் பெட்டியில் இடம் மாற்றிச் சொருகுங்கள். கோளாறு அதே விரலிலேயே இருந்தால் குழாயிலோ விரல் பையிலோ கசிவு. பக்கத்து விரலுக்குத் தாவினால் பெட்டிக்குள் அந்த வால்வு போய்விட்டது. அது சர்வீஸ் வேலை. எல்லாக் குழாயும் ஒரே இணைப்பில் சேர்ந்த மாடல் என்றால் இணைப்பைக் கழற்றி, ரப்பர் வளையம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்பு நீரைப் பஞ்சில் தொட்டுக் குழாய் மேலும் இணைப்புகள் மேலும் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பெட்டியின் பக்கம் ஈரம் போகக் கூடாது. குழாயில் முதலில் விரிசல் விழுவது பெரும்பாலும் மணிக்கட்டுக்கு மேலே அது வளையும் இடத்தில். சட்டைக் கை அதை அழுத்தி மடக்கியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

நல்ல கையைப் பார்த்து நடிக்கும் கண்ணாடி வகையில் ஒரு விரல் பின்தங்கினால் நல்ல கையில் அணியும் சென்சார் கையுறையைச் சந்தேகியுங்கள். அதிலுள்ள வளைவுப் பட்டை ஒருமுறை கூர்மையாக மடிந்துவிட்டால் பிறகு சரியாக அளக்காது. மடித்து வைக்காமல் தட்டையாக வையுங்கள்.

கம்பியால் இழுக்கும் கையுறையில் எல்லா விரலும் ஒரே அளவு தளர்ந்திருந்தால் கம்பியின் உறை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். முழங்கையில் கூர்மையாக வளைந்தால் உராய்வு கூடி, மோட்டாரின் பலம் விரலுக்குப் போய்ச் சேராது. கம்பி பிசிறாகத் தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

ஸ்பிரிங் வகையில் பார்க்க வேண்டியது குறைவு. விரல் திறந்தே நின்று மூட முடியவில்லை என்றால் ஸ்பிரிங் பலம் கூடுதல். மூடியே நின்றால் குறைவு. இரண்டுக்கும் நடுவில், அணிபவர் தானே மூடி, தளர்த்தியதும் ஸ்பிரிங் விரிக்கும் புள்ளியில் நிறுத்துங்கள். விரல் நுனி மூட்டு பின்பக்கமாக வளைந்தால் உடனே பலத்தைக் குறையுங்கள்.

கருவி கீழே சரிகிறது, தோள் வலிக்கிறது

இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருபவை: கருவியின் கீல் முழங்கையின் அச்சோடு சேரவில்லை. முழங்கையைத் தொண்ணூறு டிகிரி மடக்கி, வெளிப்பக்கத்தில் துருத்தும் எலும்பு மேட்டைத் தொட்டுக் கண்டுபிடியுங்கள். கீலின் மையம் அதன் மேல் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும் ஒவ்வொரு மடக்கலிலும் கருவி கையை ஒரு பக்கமும் கை கருவியை மறுபக்கமும் இழுக்கும். பத்து மடக்கலில் அது மணிக்கட்டை நோக்கி இறங்கிவிடும், சென்சாரும் கூடவே இடம் மாறும்.

பட்டையின் மேல் ஓரத்தில் தோலில் ஒரு கோடு போடுங்கள். பத்து முறை மடக்கி நீட்டுங்கள். கோட்டிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். பட்டையை இறுக்கிச் சரிவைத் தடுக்கப் பார்த்தால் கை வீங்கத்தான் செய்யும்.

மோட்டார் வைத்த முழங்கைக் கருவி இரண்டு கிலோ வரை எடை வரும். பக்கவாதம் வந்த தோளில் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் இந்த எடை கையைக் கீழே இழுக்கும். தோள் முனைக்கு அடியில் விரலை வைத்துப் பாருங்கள். நல்ல தோளில் இல்லாத ஒரு பள்ளம் இங்கே ஒரு விரல் அகலத்துக்குத் தட்டுப்பட்டால் மூட்டு இறங்கியிருக்கிறது. அவருக்குத் தோள்பட்டைத் தாங்கு பட்டை இல்லாமல் கருவியோடு நிற்பதும் நடப்பதும் கூடாது. உட்கார்ந்து, முன்கை மேசையில் தாங்கியபடி பயிற்சி செய்யலாம். வலிக்கும் தோளை கைக்குழியில் கை கொடுத்துத் தூக்குவது, மாட்டும்போது கையை இழுப்பது இரண்டையும் வீட்டில் எல்லோருமே நிறுத்த வேண்டும்.

தோல் சிவப்பு, வீக்கம்

கழற்றி அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு மறையவில்லை என்றால், அல்லது விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுக்கவில்லை என்றால், அது அழுத்தப்புண்ணின் தொடக்கம். முழுதாக மறையும்வரை அந்த இடத்தில் கருவி படக் கூடாது. நிறம் கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். புதிய கருவியை முதலில் அரை மணி நேரம், தோல் நன்றாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

மாலையில் புறங்கை வீங்கிக் கையுறையின் தடம் பதிந்தால் கையை இதய மட்டத்துக்கு மேல் தாங்கி வைத்து, மறுநாள் காலையில் அணியுங்கள். கை முழுவதும் சூடாகச் சிவந்து வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். லேசாகத் தொட்டாலே தாங்க முடியாத வலி, பளபளக்கும் தோல், நிறமும் வெப்பமும் மாறி மாறி வருவது ஆகியவை வேறொரு வலி நோயின் அடையாளங்கள். சீக்கிரம் காட்டினால்தான் அது முற்றாமல் தடுக்க முடியும்.

பாரம் தூக்கும்போது மட்டும் நின்றுவிடுகிறது

பேட்டரி குறியீடு பாதிக்கு மேல் காட்டினாலும் பழைய லித்தியம் பேட்டரி சுமை ஏறும்போது மின்னழுத்தத்தைத் தாங்காது; கருவி தன்னை நிறுத்திக்கொள்ளும். கையை மேசையில் தாங்கி அதே அசைவைச் செய்து பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் நின்றால் பாரம் கருவியின் அளவுக்கு மீறியது, அல்லது கீல் அச்சு விலகியிருக்கிறது. இணைப்பு முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் வியர்வை புகுந்திருக்கிறது. உலர்ந்த துணியால் துடையுங்கள்.

சார்ஜ் ஏறும்போது கருவி கையில் இருக்கக் கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். பல வாரம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் எடுத்து வையுங்கள்.

சர்வீஸுக்குப் போகும் முன்

ஃபேக்டரி ரீசெட் செய்தால் தெரபிஸ்ட் உட்கார்ந்து பொறுமையாக வைத்த த்ரெஷோல்டு, கெயின் (சைகையைப் பெருக்கும் அளவு), துடிப்பு அகலம், ஓய்வு நேரம் எல்லாம் அழிந்துவிடும். ஆப்பின் ஒவ்வொரு அமைப்புப் பக்கத்தையும் முதலில் படம் எடுத்து வையுங்கள். வரிசை எண், மென்பொருள் பதிப்பு, கோளாறு வந்தபோது பேட்டரி எவ்வளவு காட்டியது, எந்தக் குழாயை அல்லது பேடை மாற்றிப் பார்த்தீர்கள், அப்போது என்ன ஆனது என்று எழுதுங்கள். சட்டைக் கையை மேலே சுருட்டி, தோள் முதல் விரல் வரை தெரிய அரை நிமிட வீடியோ ஒன்று எடுங்கள்: ஓய்வில் பத்து வினாடி, பிறகு மடக்க முயல்வது, பிறகு நீட்ட முயல்வது. கருவியை அனுப்பும்போது தோலில் பட்ட பேடுகளைக் கழற்றிவிட்டு, அளவெடுத்துச் செய்த உறையையும் சேர்த்தே அனுப்புங்கள்; பொருத்தத்தில் கோளாறு இருந்தால் உறை இல்லாமல் அது அவர்களுக்குத் தெரியாது.